பதின்மூன்று வயதுக்கு ஏற்ற வாத்தியார் நடராசர்தான்

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லித்தர என்ன வழி என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், வெண்கலக் கூடம், திருவாலங்காட்டு நடராசர். அவ்வளவுதான்! புத்தகம் வேண்டாம், ஸ்லைடு வேண்டாம், 'இன்றைய நீதி' என்று பலகையில் எழுதவும் வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஆறேழு வயதுக்காரர்களுக்குக் கதை போதும். பன்னிரண்டு தாண்டிவிட்டால் ஆளே மாறிவிடுவார்கள். எதற்கும் ஒரு 'ஏன்', கூடவே கொஞ்சம் நக்கல். "விளக்கேத்தினா மேக்ஸ்ல மார்க் வருமா மிஸ்?" எனக்கு மிகவும் பிடித்த வயதே இதுதான். இந்த வயதுக்காரர்களிடம் போய் 'பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும்' என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. ஐந்தாவது நிமிடத்தில் எல்லாத் தலையும் மேசைக்கடியில் இருக்கும் மொபைலை நோக்கிக் குனிந்துவிடும்.

அந்தச் செப்புத் திருமேனி முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். நான் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பார், அப்புறம் கண்டதைச் சொல். அடடா, என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள்! முதலில் அகப்படுவது பெரும்பாலும் காதுதான். நடராசருக்கு வலக்காதில் ஆண்கள் அணியும் குழை, இடக்காதில் பெண்கள் அணியும் தோடு. "ரெண்டு காதுலயும் வேற வேற கம்மல் மிஸ்!" என்று ஒரு பெண் கத்த, காவலர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு தோட்டிலிருந்து அம்மையப்பன், அர்த்தநாரி, ஆணுக்குள் இருக்கும் பெண்மை என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஆண்பிள்ளை அழலாமா என்பதுவரை பேசினார்கள். எந்த நீதிபோதனைப் பாடத்தில் இது நடக்கும்?

அடுத்தது கைகள். உடுக்கை படைத்தல், தீ அழித்தல், அஞ்சேல் என்னும் கை காத்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். இந்த ஐந்தொழிலை நான் வரிசையாக ஒப்பிப்பதில்லை. அவர்களையே ஊகிக்கச் சொல்வேன். முதல் மூன்றும் சட்டென்று வந்துவிடும். மறைத்தலில்தான் சிக்குவார்கள். கடவுள் எதற்காக மறைக்க வேண்டும்? இங்கே நான் வாயை இறுக மூடிக்கொள்வேன். "கொஸ்டின் பேப்பரை முன்னாடியே காட்டிட்டா யார் மிஸ் படிப்பாங்க?" என்றான் ஒருவன். சைவ சித்தாந்தம் சொல்லும் திரோதானத்துக்கு, உயிர் பக்குவப்படும்வரை மறைத்து நடத்தும் அந்த அருளுக்கு, இவ்வளவு பக்கத்தில் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் வந்து நின்றதை நினைத்தால் இன்னமும் சிலிர்க்கிறது.

சும்மாவா சொன்னார்கள் நம் முன்னோர்! திருவதிகை மனவாசகம் கடந்தார் எழுதிய 'உண்மை விளக்கம்' இந்தத் திருக்கூத்தின் பொருளைச் சொல்லும் நூல். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்று. அது முழுக்க மாணவன் கேட்க ஆசிரியர் விடை சொல்லும் அமைப்பு. கேள்வி கேட்பது அடங்காத்தனம் என்று நினைக்கிற பெற்றோர் அதை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம்.

ஆணவத்தின் உருவமான முயலகன் எங்கள் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. நடராசரின் காலடியில் கிடந்தாலும் அவன் செத்துப்போகவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆணவம் அழியாது, அதன் வலிமைதான் அடங்கும் என்ற சித்தாந்தக் கருத்தை அந்தத் தூக்கிய தலையே சொல்லிவிடுகிறது. அவரவர் முயலகனுக்குப் பெயர் வைக்கச் சொன்னேன். கோபம், சோம்பல், ரீல்ஸ், தம்பிமேல் பொறாமை! ஒருத்தி எழுதிக் காட்டாமலே தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை.

இந்தத் திருமேனிக்குத் திருவாசி கிடையாது, தொலைந்துபோனது. "சுத்தி நெருப்பு வளையம் இருக்கணுமே, எங்கே?" என்று கேட்டவர்களிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, இல்லாததை வரையச் சொன்னேன். இதே திருமேனியைப் புகைப்படங்களில் மட்டும் பார்த்துவிட்டு பிரெஞ்சுச் சிற்பி ரோதான் எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1921இல் வெளியானது. படம் பார்த்தே ஒருவர் உருகியிருக்கிறார் என்றால், ரயிலேறி வந்து நேரில் பார்க்கும் நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்!

துப்பறியும் கதை கேட்பவர்களுக்குப் பத்தூர் நடராசர். 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, கைமாறி, கடல்கடந்து லண்டன் போனவர். அவரை மீட்க நடந்த வழக்கில் கோயில் சிவலிங்கமே ஒரு வாதி! 1988இல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. 1991இல் நடராசர் நாடு திரும்பினார். "சாமி கோர்ட்ல கேஸ் போட்டாரா?" என்று வாய் பிளந்தவர்கள், கோயில் சொத்து என்றால் என்ன, பொதுச்சொத்தில் கைவைப்பது ஏன் தப்பு என்று தாங்களே வாதாட ஆரம்பித்துவிட்டார்கள்.

சாதியின் பேரால் கோயிலுக்குள் விடப்படாத பக்தர் நந்தனாரின் கதையையும் நான் விடுவதில்லை. திருப்புன்கூரில் நந்தி விலகிய இடத்தில் எல்லாரும் மகிழ்வார்கள். தில்லையில் தீயில் இறங்கும் இடம் வந்ததும் முகம் மாறும். "நந்தி விலகினது மாதிரி அந்த ஆளுங்களை விலகச் சொல்லியிருக்கலாமே சாமி? இவரை ஏன் நெருப்புல இறங்கச் சொன்னார்?" இந்தக் கேள்விக்குச் சப்பைக்கட்டு கட்டும் ஆசிரியரை இந்த வயது மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது. அன்று வகுப்பு முழுவதும் சாதியைப் பற்றித்தான். பக்தியில் உயர்ந்தவரை வாசலில் நிறுத்திய ஊரைப் பார்த்து ஒரு பிள்ளைக்குக் கோபம் வருகிறதென்றால், நான் சொல்லித்தர நினைத்த அறம் அந்தக் கோபத்தில்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் சமஸ்கிருதமோ சாத்திரப் படிப்போ வேண்டாம். பொறுமையும், "எனக்குத் தெரியல, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லும் மனசும் இருந்தால் போதும். உங்கள் வீட்டிலும் ஒரு பதின்மூன்று வயது இருந்தால் இந்த வாரமே கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.