உப்பும் அருளும்: தமிழ்க் கிறிஸ்தவ மரபில் சொல்விளையாட்டு

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் என்றதும் அச்சு, அகராதி, உரைநடை ஆகியவற்றைத்தான் நம் ஆய்வாளர்கள் முதலில் எண்ணுகிறார்கள். அந்த இலக்கியத்தின் விளையாட்டுக் குணத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பவுல் எபேசியருக்கு எழுதுகையில், கேட்பவரை வளர்க்கும் சொல்லையே பேசச் சொல்கிறார். கொலோசையருக்கு எழுதுகையில், பேச்சில் உப்புச் சாரம் வேண்டும் என்கிறார். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் சேர்க்க முயன்ற மரபு நம்முடையது.

அந்த மரபின் தடம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் இருக்கிறது. மதுரை மிஷனின் பழைய பணித்தளங்களுள் ஒன்றான ஆவூரில் பணியாற்றியவர்களுள் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கியும் ஒருவர். இத்தாலியில் 1680-இல் பிறந்த அவருடைய பெயரில் உறுதி என்னும் பொருள் உண்டு. அதைத் தமிழாக்கித் தைரியநாதர் ஆனார். பின்னர் வீரமாமுனிவர் என்று புகழ்பெற்றார். ஆவூர் ஆலயத்தில் மரியாள் பெரியநாயகி மாதா. சிவாலயங்களில் அம்மனுக்கு வழங்கும் பெயரை மாதாவுக்கும் சூட்டியபோது, மக்கள் நாவில் பழகிய மரியாதை அப்படியே தொடர்ந்தது.

பெயர் சூட்டும் இந்தக் கலைதான் மரபின் முதல் வளம். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்று பொருள். வீரமாமுனிவர் யோசேப்பை வளன் என்றார். கடவுளின் கருணையைக் குறிக்கும் யோவான் கருணையன் ஆனார். ஒலியை விட்டுப் பொருளைப் பிடிக்கும் இந்த வழக்கம் ஊர்களிலும் வேரூன்றியது. யோவான் அருளப்பர், சிறியவர் என்று பொருள்படும் பவுல் சின்னப்பர், இலாசர் தேவசகாயம். வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே ஊரிலேயே பிறந்த புனித அலோசியுஸ், நம் ஊரில் ஞானப்பிரகாசியார். ஆரோக்கியம், அடைக்கலம், செபமாலை என்று ஒரு குழந்தையைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஒரு வாழ்த்து வெளிப்படுகிறது. ஊரார் இழிவாகக் கூப்பிட்டவருக்கும் திருமுழுக்கில் இப்படியொரு பெயர் கிடைத்தது. பெயர் மாறியதால் மட்டும் சாதி போய்விடவில்லை. ஆயினும் மதிப்போடு கூப்பிடப்படும் உரிமைக்கு அது ஒரு தொடக்கம்.

இரண்டாவது வளம் காப்பியமும் இலக்கணமும். வீரமாமுனிவர் 1726-இல் நிறைவு செய்த தேம்பாவணி, 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. தலைப்பைத் தேம்பா அணி எனப் பிரித்தால் வாடாத மாலை. தேன் பா அணி எனப் பிரித்தால் தேனான பாக்களின் மாலை. 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் தொடையகராதியும் ஒன்று. எதுகைக்குச் சொல் தேடும் புலவருக்காகவே அமைந்த பகுதி அது. விளையாட்டுக்கு வேண்டிய கருவியையும் செய்து கொடுத்தவர் அவர்.

மூன்றாவது வளம் சிற்றிலக்கியம். புதுக்கோட்டைச் சீமை விராலிமலைக் குறவஞ்சியை அறிந்த மண். அந்த வடிவத்தை எடுத்துத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அதில் குறிசொல்லும் குறத்தி ஞானச்சிங்கி. குறவர் விரிக்கும் வலை நற்செய்தி. பிடிபடும் பறவைகள் ஆன்மாக்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தேவமாதா அந்தாதியில், ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம். அவரே 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தில் நகைச்சுவையையும் நீதியையும் கைகோக்க வைத்தார்.

இந்த மரபில் குறையும் உண்டு. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் சீடர்களுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயர். அந்தச் சிரிப்பு மடமையை நோக்கியது. குழந்தைகளும் மனம்விட்டுச் சிரிக்கலாம். ஆனால் அதே ஆசிரியர் தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்து எழுதிய லுத்தேரினத்தியல்பு முதலான நூல்களில் சொல் ஆயுதமாகிறது. இன்று அவற்றைத் தேடிப் படிப்பவர் ஆய்வாளர் மட்டுமே. தேம்பாவணியோ வகுப்பறையிலும் மேடையிலும் வாழ்கிறது. மக்கள் எந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே இத்துறை ஆய்வு நூலகத்தோடு நின்றுவிடக் கூடாது. ஆவூர் போன்ற பழைய பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகள், கல்யாண வாழ்த்து மடல்கள், பாஸ்கா வசனங்கள், உபதேசியார்களின் பேச்சு நயங்கள் ஆகியவற்றைத் தொகுக்க வேண்டும். புதுக்கோட்டைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் இதை ஏற்றுச் செய்யலாம். மேடையேறும் போதகர்களுக்கும் பங்குச் சாமிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சிலேடை வரட்டும், சபை சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பில் ஒருவர்கூடத் தலைகுனிய வேண்டாம். முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அளவுகோல் அதுவே.