யார் கேட்ட பாட்டு?

கடந்த டிசம்பரில், என் போனில் இருக்கும் பாட்டுச் செயலி அந்த ஆண்டில் நான் அதிகம் கேட்ட பாட்டுகளைப் பட்டியல் போட்டு அனுப்பியது. முதல் ஐந்தில் நான்கு, குழந்தைப் பாட்டுகள். யானை, பேருந்துச் சக்கரம், பல் துலக்குவது, ஒரு சுறாக் குடும்பம். ஐந்தாவது, என் இரண்டரை வயது மகன் சோற்றுக்கு வாய் திறப்பதற்காகப் போடுகிற ஒரு குத்துப்பாட்டு. தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, கவிதையும் எழுதுகிற ஒருத்தி ஓர் ஆண்டு முழுக்கக் கேட்ட இசை இதுதான் என்றது கணக்கு.

அதே வாரம் என் கணவருக்கும் பட்டியல் வந்தது. இளையராஜாவின் எண்பதுகள், கொஞ்சம் நாதஸ்வரம், இரண்டு கஜல்கள். நாங்கள் இருப்பது ஒரே வீடு, வளர்ப்பது அதே இரண்டு குழந்தைகளை. அவர் பட்டியலில் அந்தக் குழந்தைகள் வந்துபோன தடம்கூட இல்லை.

அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார், மகளைப் பள்ளியில் விடுகிறார். ஆனால் அவர் பாட்டுக் கேட்பது இயர்போனில். நான் இயர்போன் மாட்டி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அடுத்த அறையில் தூங்கும் பிள்ளை சிணுங்கினால் எனக்குக் கேட்க வேண்டும், குக்கர் விசிலை எண்ண வேண்டும். வீட்டில் ஒரு காதாவது திறந்திருக்க வேண்டும் என்றால் அது யாருடைய காது என்று நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. குழந்தைகள் கையில் கொடுக்கும் போன் ‘அம்மா போன்’ ஆனதும் அப்படித்தான்.

என் அம்மா அடுக்களை அலமாரியில் டிரான்சிஸ்டர் வைத்து இலங்கை வானொலி கேட்டவர். அரிசி களைந்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே கேட்டார். சுசீலா எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்பது வரை அவருக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் ‘பாட்டு ரசிகர்’ என்று பெயர் வாங்கியவர், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட அப்பாதான். நம் இசை விமர்சனத்திலும் ரசிகன் என்பவன் உட்கார்ந்திருக்கிறான். நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் கேட்ட பெண்களின் கேட்டலுக்கு அங்கே இன்னும் பெயர் இல்லை.

பிள்ளைகளோடு சேர்ந்து நான் கேட்ட பாட்டுகளையும் விமர்சகராகத்தான் பார்க்க விரும்புகிறேன். சென்னையில் 2013இல் தொடங்கிய சூச்சூ டிவி, ஒரு தந்தை தன் மகளை வைத்துச் செய்த வீடியோவில் பிறந்தது. கொரியாவிலிருந்து வந்த சுறாப் பாட்டு 2020இல் யூடியூபில் உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ ஆனது. 2022 ஜனவரியில் 1000 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. இந்தப் பாட்டுகளின் பலம், திரும்பத் திரும்ப வருவது. அதை மட்டமாகச் சொல்ல முடியாது. தாலாட்டும் அப்படித்தான் நடக்கிறது: ஒரே மெட்டு, ஒரே ஆட்டம். ஆனால் தாலாட்டில் மெட்டு நிற்க, சொல் மாறும். பாடுகிறவள் யாரோ அவள் சங்கதி உள்ளே வரும். வீடியோவில் ஒரு சொல்லும் மாறாது. காலைச் சமையல் முடிவதற்குள் ஒரே பாட்டைப் பதினொரு தடவை கேட்ட ஒரு நாளில், அதில் நான் நுழைய ஓர் இடுக்குகூட இல்லை என்பது உறைத்தது.

நாட்டுப்புறவியல் தாளைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். தாலாட்டு பற்றிய கேள்விக்கு ‘தாய்மை அன்பின் வெளிப்பாடு’ என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. மாணவியாக நானும் அதையே எழுதினேன். 1964இல் வெளிவந்த நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை இந்த ஆண்டு மறுபடி எடுத்தபோது அந்த விடை போதவில்லை. தாலாட்டில் குழந்தையைக் கொஞ்சும் வரிகளுக்கு நடுவே தாய்மாமன் வருகிறான். அவன் கொண்டுவரும் சீர் ஒவ்வொன்றாக எண்ணப்படுகிறது. பிறந்த வீட்டு நிலத்தில் பங்கில்லாத ஒருத்தி, தனக்கு வர வேண்டியதைப் பிள்ளையின் காதில் கணக்குச் சொல்லிவைக்கிறாள் என்றுதான் இப்போது அதைப் படிக்கிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அப்போதும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது இல்லை. அதுவரை தொட்டிலடியே அவர்களுக்கு வழக்காடும் இடமாக இருந்தது. மாமியார் காதில் விழுந்தாலும் பதில் சொல்ல முடியாது. அவள் பிள்ளையைத்தானே தூங்க வைக்கிறாள்!

சினிமா இதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. ‘பாசமலர்’ படத்தில் (1961) பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள். கண்ணதாசன் எழுதி, டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடிய அந்தப் பாட்டுக்கு நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அங்கே தாய்மாமனே தொட்டிலடிக்கு வந்து உருகிவிடுகிறான். தங்கையின் கணக்கு அண்ணனின் கண்ணீரில் கரைந்துபோகிறது.

தாயின் குரலை ஆண்கள் எடுத்துப் பாடுவது நமக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் யசோதையாகிப் பாடினார். கண்ணனைத் தாலாட்டக் கொடுத்துவைக்காத தேவகியின் புலம்பலைக் குலசேகராழ்வார் பாடினார். பிள்ளை வளர்க்கும் தாய் பாடாததை, பிள்ளையை இழந்த தாயின் வாயில் வைத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறகு பிள்ளைத்தமிழ் ஓர் இலக்கணமாகவே நின்றது: பத்துப் பருவங்கள், மூன்றாவது தால். பல் முளைக்கும் காய்ச்சலுக்கு அந்தப் பத்தில் இடமில்லை.

17ஆம் நூற்றாண்டில் துறவியான குமரகுருபரர் ‘மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்’ பாடினார். மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் அது அரங்கேறியபோது, மீனாட்சியே அர்ச்சகரின் சின்ன மகள் வடிவில் வந்து மன்னர் மடியில் உட்கார்ந்து கேட்டாள் என்பது கதை. பாட்டில் மகிழ்ந்து மன்னரின் முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டு மறைந்தாளாம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் முகம் மலரும். நானும் மலர்ந்தவள்தான். இந்த ஆண்டு வேறொன்று உறுத்தியது. பாடுகிறவர் துறவி, மடி மன்னருடையது, கேட்பது குழந்தை. அர்ச்சகரின் மனைவி அந்த நேரம் எங்கே இருந்தாள்? அவள் காதில் அந்தப் பாட்டு விழுந்ததா?

இதே ஊரில் இன்னொரு தாயும் மகளும் இருந்தார்கள். 1916இல் இங்கே பிறந்த சுப்புலட்சுமியின் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் எம் மதுரை, எஸ் அவருடைய அம்மா சண்முகவடிவு. அம்மா வீணை வாசித்தார், பாட்டி அக்கம்மாள் வயலின். மகள் பத்து வயதில் இசைத்தட்டில் பாடினார். தேவதாசி மரபில் வந்த அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையை நான் ஏக்கத்தோடு பார்க்கவில்லை. அந்த மரபு பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அதிகம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். அங்கே இசை பெண்களின் தொழில். பிள்ளை தூங்கிய பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் செய்கிற காரியமாக அது இருந்திருக்க முடியாது. அந்த வீட்டுக் குழந்தை அம்மாவின் இசையைக் கேட்டு வளர்ந்தாள். என் வீட்டில் அம்மா, குழந்தைகளின் இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் என் போன் கீழே விழுந்து திரை உடைந்தது. சரியாகிவர ஒன்பது நாள் ஆனது. முதல் இரவு மகன் தூங்கவே இல்லை. அம்மாச்சியின் மெட்டு நினைவிருந்தது, சொல் மறந்துவிட்டது. வாய்க்கு வந்ததைப் பாடினேன்: திருத்த வேண்டிய விடைத்தாள், துறைக் கூட்டம், மாவு அரைக்க மறந்தது, எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்த கவிதை. அவன் தூங்கிவிட்டான். அடுத்த இரவும் அதையே கேட்டான். நெடுநாளைக்குப் பிறகு ஒரு நாளை முழுசாகச் சொல்லி முடித்ததுபோல எனக்கும் இருந்தது.

அக்டோபரில் ஒரு மாலை, ஆறு வயது மகள் தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே பாடியது அடுக்களைக்குக் கேட்டது.

“அம்மாவுக்கு நாப்பத்தெட்டுப் பேப்பரு, அப்பா காதுல இயர்போனு, ஆராரோ...”

கணவர் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமன் சீரைப் பாடியவர்களின் வடிவம் ஆறு வயதில் அவள் கைக்கு வந்துவிட்டது. மெட்டோடு சேர்த்து, குறையைத் தொட்டிலுக்கு மட்டும் சொல்லும் பழக்கத்தையும் கொடுத்துவிட்டேனா என்று பயந்தேன். அன்றிரவு, அவருக்கு நேராக, பாட்டில் வைக்காமல் சொன்னேன். சண்டையில்தான் முடிந்தது. ஆனாலும் சொன்னேன்.

பட்டியல் வந்த அன்று மகள் கேட்டாள். “ஒனக்கு எந்தப் பாட்டும்மா புடிக்கும்?”

பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. கடைசியில் எம்.எஸ். பாடிய ஒன்றைப் போட்டேன். ஒரு நிமிடம் கேட்டாள். “மாத்தும்மா.”

மாற்றவில்லை. இந்த ஜனவரியிலிருந்து ஞாயிறு மாலை அரை மணி நேரம் எங்கள் வீட்டில் அம்மா பாட்டு. மகன் காதைப் பொத்திக்கொள்கிறான். மகள் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன ஞாயிறு பாதிப் பாட்டில் அவனுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. கணவர் எழுந்து தூக்கிக்கொண்டு போனார். நான் மீதியைக் கேட்டு முடித்தேன்.