நீர்க்கட்டி என்னும் சொல்

பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், சுருக்கமாக பிசிஓஎஸ், தமிழுக்கு வந்தபோது 'கர்ப்பப்பை நீர்க்கட்டி' ஆனது. அது இருக்கும் இடம் கர்ப்பப்பை அல்ல, சினைப்பை. ஸ்கேனில் தெரிபவை கட்டிகளும் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். ஆங்கிலப் பெயரிலேயே பாதிப் பிழை உண்டு. மிச்சத்தை நாம் சேர்த்தோம். பெண்ணுடம்பில் எது கோளாறானாலும் கர்ப்பப்பையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வழக்கம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என் மாணவி ஒருத்தி, பத்தொன்பது வயது, மாதக்கணக்கில் விலக்கு வராமல் மருத்துவமனைக்குப் போனாள். "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். "அந்தக் கட்டிய ஆபரேஷன் பண்ணி எடுத்துட முடியாதா மேடம்?" என்று என்னிடம் கேட்டாள். அவள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்னும் லெவந்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையில் ஒரு துண்டை வெட்டியெடுத்ததும் ஏழு பேருக்கும் விலக்குத் திரும்பியது, இருவர் கருவுற்றனர். பிறகு 1980களில், பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்யாததும் சேர்ந்தே இருக்கிறது என்று தெரியவந்தது. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. முட்டை முதிர்வது தடைபடுகிறது. முகத்து முடியும் பருவும் இதன் தொடர்ச்சிதான். ஆனாலும் வெற்றியை அளக்கும் கோல் இன்றும் பிள்ளைதான். அந்தக் கோலுக்குள் முன்னேற்றம் இல்லாமலில்லை. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 750 பெண்கள். பழைய குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினர் குழந்தை பெற்றனர், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5. (கணவரின் விந்துப் பரிசோதனை இதைவிட எளிது. அதைக் கேட்கத்தான் நாக்கு எழுவதில்லை. 'மலடன்' அகராதியில் இருக்கிறான், தெருவில் இல்லை.)

குழந்தை பிறந்ததும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கான அபாயம் அவளோடு வீட்டுக்குப் போகிறது. நோய் தெரிந்த உடனேயும், பிறகு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் சர்க்கரையைப் பார்க்கவேண்டும் என்கிறது 2023இன் சர்வதேச வழிகாட்டுதல். மனச்சோர்வையும் பார்க்கச் சொல்கிறது. எடையைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் கண்டிக்கிறது. நம்மூரில் "உடம்பக் குறைச்சுட்டு வாம்மா" என்பதோடு ஆலோசனை முடிகிறது.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனையை 2007இலேயே கட்டாயமாக்கிய மாநிலம் தமிழ்நாடு. நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். என் மாணவிக்கு அந்தப் பரிசோதனை கிடைக்க அவள் முதலில் கர்ப்பிணியாகவேண்டும்.