அணுவும் ஞாயிற்றுத் தொகுதியும்: ஓர் உவமையின் வலுவும் வழுவும்

அணுவின் அமைப்பைக் கூறுக என வினவினால் மாணவர் பலர் உடனே ஒரு படம் வரைவர். நடுவிலே கரு, அதனைச் சூழச் சில வட்டங்கள், வட்டங்களின்மீது புள்ளிகளாக இலத்திரன்கள். ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுவதுபோலக் கருவை இலத்திரன்கள் சுற்றுகின்றன என்பது அப்படத்தின் பொருள். 1957 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சர்வதேச அணுசத்தி முகவரகத்தின் இலச்சினையிலும் இத்தகைய ஒழுக்குகளையே காண்கின்றோம். இவ்வுவமை எவ்வளவிற்குப் பொருந்தும், எவ்விடத்திற் பிழைபடும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பவளவாய்' என்னுமிடத்துச் செந்நிறமே கொள்ளப்படும். பவளத்தின் வன்மை கொள்ளப்படாது. இதனை ஒருபுடை ஒப்புமை என்பர். இலக்கிய வகுப்பிற் கற்கும் இவ்வுண்மை விஞ்ஞான வகுப்பிற்கும் வேண்டுவதே.

முதற்கண் உவமையின் வலுவைக் காண்போம். 1897 இல் இலத்திரனைக் கண்டறிந்த தொம்சன், நேரேற்றம் அணு முழுவதும் பரந்திருக்க அதனுள் இலத்திரன்கள் பதிந்துள்ளன எனக் கருதினார். 1909 இல் மாஞ்செஸ்ரரில் இரதபோட்டின் ஆய்வுகூடத்திலே கைகரும் மாஸ்டனும் அல்பாத் துணிக்கைகளை மெல்லிய உலோகத் தகடுகளின்மீது செலுத்தினர். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. ஆயிரக்கணக்கானவற்றுள் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. பரந்து கிடக்கும் ஏற்றம் விரைந்துவரும் துணிக்கையை மீளச் செலுத்த வல்லதன்று. ஆகவே, நேரேற்றமும் திணிவின் பெரும்பகுதியும் நடுவே மிகச் சிறிய இடத்திற் செறிந்துள்ளன என 1911 இல் இரதபோட்டு முடிவு செய்தார். ஞாயிற்றுத் தொகுதியின் திணிவில் 99.8 சதவீதத்திற்கு மேற்பட்டது ஞாயிற்றிலேயே உளது; ஐதரசன் அணுவின் திணிவில் 99.9 சதவீதத்திற்கு மேற்பட்டது கருவிலே உளது. ஈரிடத்தும் கவர்ச்சி விசை தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறு விகிதசமமாகும். இவ்விரு பொதுத்தன்மைகளும் உண்மையானவை.

இனி, வழுக்கள். கோள்கள் ஒன்றையொன்று கவர்வன. இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவன. கோள்கள் தம்முள் வேறுபட்டவை. இலத்திரன்களோ யாதொரு வேறுபாடுமின்றி முற்றும் ஒத்தவை. அளவிலும் ஒப்புமை குன்றுகின்றது. நெத்தியூன் ஞாயிற்றின் ஆரையைப்போல் ஏறத்தாழ 6,400 மடங்கு தூரத்தில் உளது. ஐதரசனில் இலத்திரனுக்குப் போர் கணித்த தூரமோ கருவின் ஆரையைப்போல் ஏறத்தாழ 60,000 மடங்காகும். நூல்களிலுள்ள படங்கள் இவ்வெறுமையை முற்றாக மறைத்துவிடுகின்றன.

இவற்றினும் பெரிய வழு ஒன்றுண்டு. வட்டத்திற் சுற்றும் ஏற்றம் சத்தியைக் கதிர்வீசி இழத்தல் வேண்டும் என்பது பழைய பௌதிகத்தின் விதி. அவ்வாறாயின் ஐதரசனின் இலத்திரன் ஒரு செக்கனின் பத்தாயிரங் கோடியில் ஓரிரு பங்கு நேரத்துள் கருவில் வீழ்ந்துவிடும். உலகில் எப்பொருளும் நிலைபெறாது. 1913 இல் போர், குறித்த சில ஒழுக்குகளிலே இலத்திரன் கதிர்வீசாது எனக் கொண்டார். ஐதரசனின் நிறமாலைக் கோடுகள் அதனால் விளக்கம் பெற்றன. இரண்டே இலத்திரன்களையுடைய ஈலியத்திற்கு அம்முறை பயன்படவில்லை.

1926 இல் சிறோடிங்கர் அமைத்த அலைச் சமன்பாடும் 1927 இல் ஐசன்பேக்கு வெளியிட்ட நிச்சயமின்மைத் தத்துவமும் ஒழுக்கு என்ற கருத்தையே அகற்றின. ஐதரசன் அணுவின் மிகக் குறைந்த சத்திநிலையில், கருவைப்பற்றிய இலத்திரனின் ஒழுக்குக் கோண உந்தம் பூச்சியமாகும். அஃதாவது, அங்குச் 'சுற்றுதல்' என்ற சொல்லே பொருந்தாது. உவமையின் உயிராகிய வினையே இல்லையெனில் உவமை எங்ஙனம் நிற்கும்?

கருவும் ஒரு திரண்ட பந்தன்று. அதனுள் புரோத்தனோடு நியூத்திரனும் உண்டென்பதை 1932 இல் சட்விக்கு காட்டினார். இவையும் குவாக்குகளால் ஆயவை எனும் கருத்தை 1964 இல் கெல்மானும் சுவைக்கும் தனித்தனியே வெளியிட்டனர். 1968 அளவில் தான்போட்டிலே விரைந்த இலத்திரன்களைப் புரோத்தன்மீது செலுத்தியபோது அவை எதிர்பாராத அளவிற்குச் சிதறின. பொற்றகட்டு ஆய்வின் முறையே மீண்டும் வென்றது. அதனோடு பிறந்த படமோ நிலைக்கவில்லை.

இளமாணவர்க்கு எளிய படம் வேண்டுமன்றோ எனச் சிலர் வினவுவர். வேண்டும், மறுப்பார் இலர். கோள் உவமைக்கு மாறாக இன்று கூறப்படும் 'இலத்திரன் முகில்' என்பதும் ஒருபுடை ஒப்புமையே. முகில் துளிகளாகப் பிரிவது. இலத்திரன் அங்ஙனம் பிரிவதன்று. படங்களை விலக்குதல் தீர்வாகாது. எந்த ஆய்வு ஒரு படத்தை எழுப்பியது, எந்த உண்மை அதனை வீழ்த்தியது என்னும் இரண்டையும் படத்தோடு சேர்த்துக் கற்பித்தலே தீர்வாகும். அவ்விரண்டும் இன்றி வட்டங்களை மட்டும் மனனஞ் செய்யும் மாணவன் விஞ்ஞானத்தின் விடையைப் பெறுகின்றான். அதன் முறையைப் பெறான். அவ்விடையும் பிழையானதே. ஆதலின், 'அணுவின் படத்தை வரைக' என வினவும் ஆசிரியர், 'இப்படம் எங்கே பிழைபடும், ஏன்?' எனவும் உடன் வினவுவாராக.