‘அதிர்ச்சியில் விஞ்ஞானிகள்!’: தொழில்நுட்பச் செய்தியை ரசிப்பது எப்படி?

தொழில்நுட்பச் செய்தியைத் தகவலுக்காக மட்டும் படிப்பவர்களுக்கு ரத்தக்கொதிப்புதான் மிச்சம். ‘இந்த ஐந்து ஆப் உங்கள் போனில் இருக்கிறதா? உடனே நீக்குங்கள்!’ என்று தலைப்பு வரும். தொட்டால் இரண்டு விளம்பரம், ஒரு கடன் அழைப்பு, மூன்று பத்தி முன்கதை. அந்த ஐந்தின் பெயர் மட்டும் கடைசிவரை வராது. கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பழையசீவரம், உத்திரமேரூர் பக்கத்து ஆட்களான நாம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். ராஜா வந்துவிட்டதாகக் கட்டியங்காரன் அறிவிப்பான். ராஜாவோ திரைக்குப் பின்னால் நின்றபடி பாடிக்கொண்டே இருப்பார். யாராவது எழுந்து வீட்டுக்குப் போனோமா? அதே பொறுமையோடு உட்காருங்கள். போனிலும் நல்ல ஆட்டம் நடக்கிறது.

முதலில் வாக்கியத்தின் வாலைப் பாருங்கள். ‘விற்பனைக்கு வந்தது’ என்றால் பொருள் கடையில் இருக்கிறது. ‘வருகிறது’ என்றால் கம்பெனி தேதி சொல்லியிருக்கிறது. ‘வரக்கூடும் என எதிர்பார்க்கப்படுகிறது’ என்றால், எதிர்பார்ப்பவர் அதை எழுதியவர் ஒருவராகத்தான் இருக்கும். ‘விலை கசிந்தது’ என்பது தனி ரகம். கசியவிட்டது யார், கசிந்ததால் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொண்டே படித்தால் சுவை கூடும்.

அடுத்தது கேள்விக்குறி. தலைப்பு கேள்வியில் முடிந்தால் அதற்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று 2009-ல் எழுதினார் இயன் பெட்டரிட்ஜ். அவரும் தொழில்நுட்பப் பத்திரிகையாளர்தான் என்பது கூடுதல் ருசி. ‘மனிதர்களை மிஞ்சிவிட்டதா ஏஐ?’ இல்லை. ‘இனி சார்ஜரே தேவையில்லையா?’ தேவை. டீ ஆறுவதற்குள் பத்து செய்தியை இப்படி முடித்துவிடலாம்.

படத்தையும் விடாதீர்கள். ஏஐ பற்றிய செய்தி என்றால் நீல வெளிச்சத்தில் ஒரு வெள்ளை ரோபோ மோவாயில் கைவைத்து யோசிக்கும். செய்தி என்னவோ கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஒரு மென்பொருளைப் பற்றியதாக இருக்கும். அதற்குக் கையும் கிடையாது, மோவாயும் கிடையாது.

இனி கொஞ்சம் உயர்ந்த ரசனைக்கு வருவோம். 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதற்குள் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று தொலைக்காட்சியிலேயே விளக்கினார்கள். அந்த 120-ஐ நின்று ரசிக்க வேண்டும். நூறு என்று சொல்லியிருந்தால் யாரோ அளந்துவிட்டது போலத் தெரியும்; நூற்றியிருபது என்றால் யாரோ உண்மையிலேயே அளந்தது போலத் தெரியும். பொய்க்கு எப்போதும் துல்லியம் பிடிக்கும். உண்மையில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஒலிபரப்புகின்றன. நம் போன் அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது. அவற்றுக்குத் திருப்பி ஒன்றும் சொல்வதில்லை. பேட்டரி இல்லாத காகிதம் மண்ணுக்கடியிலிருந்து மேலே கூப்பிடுவது எப்படி? ரிசர்வ் வங்கி மறுத்தது, யாரும் கேட்கவில்லை. 2023 மே மாதம் அதே நோட்டைத் திரும்பப் பெற்றபோது வங்கி செயற்கைக்கோளிடம் போகவில்லை. கொண்டுவந்து கட்டுங்கள் என்று நம்மைத்தான் கேட்டது.

2017-ல் இன்னொன்று. பேஸ்புக்கின் இரண்டு ஏஐ ரோபோக்கள் ரகசிய மொழியில் பேசத் தொடங்கியதாகவும், பயந்துபோன விஞ்ஞானிகள் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டதாகவும் உலகம் முழுக்க ஓடியது. நடந்தது இதுதான்: புத்தகம், தொப்பி, பந்து ஆகிய மூன்றையும் பங்கு பிரிக்க இரண்டு நிரல்களுக்குப் பேரம் பேசப் பழக்கினார்கள். ஒழுங்கான ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பெண் என்று விதி வைக்கவில்லை. அவை சொன்ன சொல்லையே திரும்பத் திரும்ப உளறின. ஆராய்ச்சியாளர்கள் விதியை மாற்றினார்கள். அதாவது, தொப்பிக்கான பேரம் உலக அழிவாகப் பதவி உயர்வு பெற்றது.

இணையம்தான் பத்திரிகைத் தொழிலைக் கெடுத்தது என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் கிளம்பியபோது நம் ஊரில் ஸ்மார்ட்போன் கிடையாது. அச்சுப் பத்திரிகைகளே போதுமானவையாக இருந்தன. கொதிக்கும் பாத்திரத்தில் இலையைப் போட்டால் எரிபொருள் கிடைக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். இலையிலிருந்து அவ்வளவு ஆற்றல் எப்படி வரும் என்ற கேள்வி பின்னால்தான் வந்தது, வழக்கும் சிபிஐயும் அதற்கும் பின்னால்.

அச்சில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது, திருத்தம் போடுவது. 2006-ல் சென்னையின் ‘தி இந்து’ நாளிதழ் வாசகர்களின் புகாரைக் கேட்பதற்கென்றே கே. நாராயணனை நியமித்தது. அன்றாடப் பிழைகளைத் திருத்த நாளிதழில் தனி இடமும் ஒதுக்கியது. இணையத்தில் பெரும்பாலும் ஓசையில்லாமல் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் மேலே முகவரிக் கட்டத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். தலைப்பில் ‘விஞ்ஞானிகள் விளக்கம்’ என்றிருக்கும். முகவரியிலோ, ஆங்கில எழுத்தில், ‘அதிர்ச்சி’ அப்படியே கிடக்கும். தேர்ந்த ரசிகர் தலைப்பைப் படிப்பதற்கு முன்பே முகவரியைப் படித்துவிடுவார்.

சரி, நல்ல செய்தியை எப்படி அடையாளம் காண்பது? அதைக் கற்றுக்கொள்ள, பழையசீவரத்தில் மலைமேல் இருக்கும் நரசிம்மரைக் கும்பிட்டுவிட்டுப் பாலாற்றைத் தாண்டுங்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சேர்ந்த ஆதுலர்சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. பதினைந்து பேர் படுக்கலாம். மருத்துவர் ஒருவர், அவர் பெயர் உண்டு. அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், பணிவிடைக்குப் பெண்கள், நாவிதர். அவரவர் கூலி என்ன, இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் எவை, எல்லாம் வரிசையாக வருகிறது. யார், எத்தனை, எவ்வளவு செலவு, யார் தருகிறார்கள்? புதிய போனுக்கும் செயற்கைக்கோளுக்கும் இந்த நான்கு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அது செய்தி. இதே மருத்துவமனையை இன்று ஒரு தளம் எழுதினால் ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சூப்பர் ஸ்பெஷாலிட்டி! மிரண்டுபோன மேலைநாடுகள்!’ என்றிருக்கும். பதினைந்து படுக்கை என்பது எட்டாவது பத்தியில்கூட வராது.

திருத்தம் போடும் கலையைப் பார்க்க உத்திரமேரூர் போகவேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-ல், ஊரின் குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதிக் கல்லில் வெட்டினார்கள். ஊர் வாரியத்துக்கு நிற்பவருக்கு வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். சரிப்படவில்லை போலிருக்கிறது. 921-ல் முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றி, மற்ற தகுதிகளையும் விரிவாக்கி, மறுபடி வெட்டினார்கள். பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் இரண்டையும் படிக்கலாம், இரண்டுக்கும் ஆட்சியாண்டு போட்டிருக்கிறது. பழைய வரியை அழிக்காமல், மாற்றிய தேதியையும் கீழே போடும் தொழில்நுட்பத் தளம் எதையாவது கண்டால் யோசிக்காமல் சந்தா கட்டிவிடுங்கள்.