அறுவைக்குப் பின்வரும் செலவு

கோவில்பட்டிக் கரிசல் நிலத்தில் கிணறு வெட்டியவரைக் கேட்டுப் பாருங்கள். வெட்டுக்கூலி ஒருமுறைச் செலவு. நீர் இறைக்கும் செலவோ கிணறு உள்ளவரை தொடரும் என்பார். இந்த எளிய கணக்கை மனத்தில் கொண்டு, லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய 'நான் வித்யா' என்னும் தன்வரலாற்றைப் படிப்பது நல்லது. கிழக்கு பதிப்பகம் 2007-இல் வெளியிட்ட நூல் இது.

மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர், தம்மைப் பெண்ணாக உணர்ந்து, அவ்வாறே வாழ விரும்புகிறார். அதற்கான அறுவைக்குப் பணம் வேண்டும். வேலை கிடைக்கவில்லை. புணே சென்று, ரயில் பெட்டிகளில் கையேந்திப் பணம் சேர்க்கிறார். பின்னர் கடப்பாவில் அறுவை செய்துகொள்கிறார். பணம் எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்வதே நூலின் தலையாய சிறப்பு. படித்தவரையும் கையேந்த வைத்தது எது என்று நம்மைக் கேட்க வைக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூலில் அறுவையே சிகரமாக நிற்கிறது. அத்துடன் எல்லாம் முடிந்தது என்று இளம் வாசகர் எண்ணிவிடக்கூடும். உடலியல் வேறு விதமாகச் சொல்கிறது.

விந்தகங்களை அகற்றியபின், உடலில் பாலியல் இயக்குநீர் (ஹார்மோன்) சுரக்கும் முதன்மை ஊற்று நின்றுபோகிறது. எலும்பின் உறுதிக்கு இவ்வியக்குநீர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இன்றியமையாதது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வதை நீங்கள் அறிவீர்கள். முப்பது வயதில் அறுவை செய்துகொண்ட திருநங்கை, ஈஸ்ட்ரோஜன் மருந்தின்றி இருந்தால் அதே தேய்வு முன்னதாகவே தொடங்கிவிடும். ஆகவே மருந்து பல்லாண்டுகள் தொடர வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிகளுக்கும் தொடர் செலவு உண்டு.

மருந்து மட்டும் போதாது. அளவு மிகுந்தால் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. முதலாண்டில் ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஓரிரு முறையும் இரத்தப் பரிசோதனை வேண்டும். காசில்லாதவர் முதலில் விடுவது மருத்துவரைத்தான். பிறர் சொல்கேட்டு மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்குகிறார். சிக்கனம் இங்கே ஆபத்தாகிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 2008-இல் நலவாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி அறுவை செய்யவும் வழி பிறந்தது. கையேந்திச் சேர்த்த பணத்துடன் வெளிமாநிலம் போக வேண்டிய நிலையை மாற்ற இது பெரிய அடி. 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அறுவையுடன் இயக்குநீர்ச் சிகிச்சையையும் அரசின் பொறுப்பில் சேர்த்தது. 2022-இல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடும் அறிவிக்கப்பட்டது.

எனினும் 'இலவசம்' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். கோவில்பட்டியில் தீப்பெட்டி வேலை செய்யும் ஒருவர் அறுவைக்காகச் சென்னை செல்கிறார் என்று கொள்வோம். தொலைவு 500 கிலோமீட்டருக்கு மேல். போக்குவரத்து, உடன் வருபவரின் சாப்பாடு, உடல் தேறும் வரை இழக்கும் கூலி ஆகியவை எந்த ரசீதிலும் வருவதில்லை. மற்ற நோயாளிக்கு வீடு சோறு போடும். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர் வாடகையும் தாமே கொடுக்க வேண்டும். அவருக்குக் குடும்பச் சொத்தில் பங்கும் கிடைக்காமற் போவதுண்டு. அறுவை இலவசமானாலும், அதைச் சூழ்ந்த செலவு அவர் தலையிலேயே விழுகிறது.

இந்தத் தொடர் செலவுக்குத் தொடர் வருமானமே விடை. அதற்கு ஒரு சான்று கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே உண்டு. 2020-இல் மந்தித்தோப்பில் திருநங்கைகளுக்கெனப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைந்தது. செயற்பாட்டாளர் கிரேஸ் பானுவின் முயற்சியும் மாவட்ட நிர்வாகத்தின் துணையும் அதன் பின்னிருந்தன. வானம் பார்த்த பூமியில் வெள்ளாமைப் பணம் ஆண்டுக்கொருமுறை வரும்; மழை பொய்த்தால் அதுவும் இல்லை. கறவை மாடோ பால் வற்றும்வரை நாள்தோறும் காசு தரும். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் ஏற்ற வருமானம் இத்தகையதே. தீவனச் செலவும் கடன் தவணையும் போக எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி. அதையும் கேட்கத்தான் வேண்டும்.

'நான் வித்யா'வை அவசியம் படியுங்கள். படித்து முடித்ததும் ஒரு தாளில், அறுவைக்கு முன், அறுவையின்போது, அறுவைக்குப் பின் என்று மூன்று பத்தி பிரித்துச் செலவுகளை எழுதிப் பாருங்கள். மூன்றாம் பத்திதான் நீளும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே இயக்குநீர் மருந்தும் இரத்தப் பரிசோதனையும் தவறாமல் கிடைக்கச் செய்தால், அந்தப் பத்தியில் பாதியை அடித்துவிடலாம்.