தள்ளுண்ட ஏடும் பகுத்தறிவும்

காஜாங்கையடுத்த பாங்கியில் 1982-ல் இயங்கத் தொடங்கிய ஆராய்ச்சி அணு உலையைப்பற்றி நம்மவர் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அது அணுவைப் பிளப்பது. அணுக்களைச் சாதாரண அறை வெப்பத்திலேயே சேர்த்துச் சக்தி பெறலாமென்று 1989 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில் பிளைஷ்மானும் பான்ஸும் அறிவித்தனர். பம்பாயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் உடனே அதைச் சோதிக்கப் புகுந்தனர். பி. கே. ஐயங்காரும் மகாதேவ சீனிவாசனும் பதிப்பித்த 1500-ஆம் எண் அறிக்கை அவ்வாண்டு டிசம்பரில் பிறந்தது. இன்று அது மின்படியாக மறுபிரசுரமாகி யாவர்க்கும் கிடைக்கிறது.

அறிக்கையின் உயிர் ஒரே விஷயத்தில் இருக்கிறது. கனநீரிலுள்ள டியூட்ரியம் அணுக்கள் வழக்கமாகச் சேரும்பொழுது டிரிடியமும் நியூட்ரானும் ஏறக்குறையச் சமமாகப் பிறக்கும். இவர்களோ ஒரு நியூட்ரானுக்குச் சுமார் ஒரு கோடி டிரிடியம் அணுக்களைக் கண்டதாக எழுதுகின்றனர். ஆதரிப்போர்க்கு இது புதுமை. மறுப்போர்க்கு இது பிழையின் அடையாளம். 2019-ல் 'நேச்சர்' இதழில் வெளியான விரிவான மறுசோதனையிலும் குளிர் அணுச்சேர்க்கைக்கு ஆதாரம் கிட்டவில்லை.

அப்படியானால் மறுபிரசுரம் எதற்கென்று கேட்கலாம். பெரியோர் சொன்னாரென்று நம்புவது மூடத்தனமானால், பெரியோர் தள்ளினாரென்று படியாமலே தள்ளுவதும் மூடத்தனமே. இவ்வறிக்கை செய்முறையையும் அளவுகளையும் வெளிப்படையாக வைத்துச் சோதிப்போரை அழைக்கிறது. அதுவே இதன் பெருமை. எனினும் இதை மட்டும் படிப்பவர் ஒரு பக்க வழக்கையே கேட்டவராவர். பின்வந்த மறுப்பையும் அருகில் வைத்துப் படிக்குமாறு வேண்டுகிறோம். முடிவு எதுவாயினும், ஆராய்ந்து கொள்வதே நமக்கு அழகு.